பென்டிரைவுக்குள் மருதமுத்து

ரோஸின் பென்டிரைவுக்குள் மருதமுத்து என்றொரு மனிதர் இருந்தார். நீலப் பின்னணியில் எடுத்த பாஸ்போர்ட் படம். எண்ணெய் தடவிப் படிய வாரிய தலை. கழுத்துப் பொத்தான்வரை மூடிய வெள்ளைச் சட்டை. படத்துக்குக் கீழே மலாய் மொழியில் அவர் பெயர், ஐசி என்கிற அடையாள அட்டையின் எண், வீட்டு முகவரி, கைப்பேசி எண், ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிய அனுபவம் எல்லாம் வரிசையாக இருந்தன. யாரோ ஒருவருடைய வேலை விண்ணப்பம். ஜெயந்தியின் திருமுழுக்குச் சான்றிதழுக்கும் பள்ளிக்கூட ரிப்போர்ட் கார்டுக்கும் நடுவில், அந்த வீட்டு ஆளைப் போல அது உட்கார்ந்திருந்தது.

"இது யாரும்மா?" என்று கேட்டாள் ஜெயந்தி.

ரோஸுக்குத் தெரியவில்லை. கேன்டீனிலிருந்து வந்து, குளித்து, தலைத்துண்டை அவிழ்க்காமல் மகளுடைய மடிக்கணினிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். அந்தப் பென்டிரைவை அவள் யாரிடமும் விட்டுவிட்டு வருவதில்லை. ஜெபமாலை வைக்கும் சின்ன ஜிப் பைக்குள் அது இருக்கும். ஜிப் பை கைப்பைக்குள் இருக்கும். கைப்பை அவள் தோளில் இருக்கும். பல்கலைக்கழகக் கேன்டீனில் மீ கோரெங் நூடுல்ஸ் பிரட்டும்போதுகூடக் கைப்பையை அரிசி மூட்டைக்கு மேலே, கண்ணுக்கு எட்டுகிற இடத்தில்தான் வைப்பாள். அப்படி இருக்கையில் முன்பின் தெரியாத ஒரு மனிதர் படத்தோடும் முகவரியோடும் உள்ளே எப்படி வந்து உட்கார்ந்தார்?

வாசலில் காலணியைக் கழற்றிக்கொண்டிருந்த ரோஸின் கணவர் அம்புரோஸ் எட்டிப் பார்த்தார். டயர் கடையில் வேலை. விரல் நகங்களில் கறுப்பு போகவே போகாது.

"கேன்டீனுக்கு ஆள் வேணும்னு சொன்னியே, வந்திருக்காரு. சம்பளம் பேசிப் பாரு," என்றார்.

ரோஸ் சிரிக்கவில்லை. அந்தப் பென்டிரைவில் என்ன இருந்தது என்பது அந்த வீட்டில் மூன்று பேருக்கும் தெரியும்.

ஜெயந்தி ரோஸ் பெற்ற பிள்ளை அல்ல. டுரியான் துங்காலுக்கு அப்பால் செம்பனைத் தோட்டத்தில் ரோஸும் அம்புரோஸும் குடியிருந்த காலத்தில், பக்கத்து லயத்து வீட்டுச் சாந்திக்குப் பிறந்தவள். சாந்திக்கு அப்போது கல்யாணம் ஆகியிருக்கவில்லை. பிள்ளைக்குக் காரணமானவன் வேறு தோட்டத்துக்குப் போனவன், போனவனேதான். வீட்டிலேயே பிரசவம். பிறப்பைப் பதிய யாரும் போகவில்லை. பிள்ளை இல்லாதிருந்த ரோஸ் துணியில் சுற்றி வாங்கிக்கொண்டாள். கோயிலில் பெயர் வைத்தாள், பள்ளிக்கூடத்தில் கெஞ்சிச் சேர்த்தாள். ஐசி எடுக்கும் வயது வந்தபோதுதான் சிக்கல் தெரிந்தது. சூராட் பெரானாக் என்கிற பிறப்புப் பத்திரம் இல்லாத பிள்ளைக்கு ஐசி கிடையாது. ஐசி இல்லாதவளுக்கு வங்கிக் கணக்கு கிடையாது, வண்டி லைசென்ஸ் கிடையாது, மேல்படிப்பு கிடையாது. ஜெயந்தி கேக் செய்து விற்கிறாள்; வருகிற காசெல்லாம் அம்புரோஸின் கணக்குக்குத்தான் போகிறது. பாசார் சந்தைக்குப் போகும் வழியில் போலீஸ் தடுப்பைக் கண்டால், மழை பெய்தாலும் சுற்றிக்கொண்டு போவாள்.

இதற்கு ஒரே வழி, பெற்றவள் குடிமகள் என்பதையும் அவள்தான் பெற்றாள் என்பதையும் நிரூபிப்பது என்று வழக்கறிஞர் அஞ்சனா சொல்லியிருந்தாள். பெற்றவள் வாக்குமூலம் தர வேண்டும். மரபணுச் சோதனைக்கும் வர வேண்டும். சாந்தி இரண்டுக்கும் வந்தாள். ஆனால் அவளுக்குப் பிறகு கல்யாணமாகி, லாரி ஓட்டும் கணவனும் வளர்ந்த இரண்டு பையன்களும் இருந்தார்கள். அவர்களுக்கு ஜெயந்தி என்று ஒருத்தி இருப்பதே தெரியாது. சத்தியப் பிரமாண அதிகாரியின் முன்னால் கையெழுத்துப் போட்டுவிட்டு, படியில் இறங்கும்போது சாந்தி ரோஸின் மணிக்கட்டைப் பிடித்தாள். அதிகாரியும் லாயரும் கோர்ட்டும் தவிர இன்னொரு கண் இதைப் பார்த்தால், அன்றைக்கே போய்க் கையெழுத்தை வாபஸ் வாங்கிவிடுவேன் என்றாள். ரோஸ் மாதா மேல் சத்தியம் செய்து கொடுத்தாள்.

அந்த வாக்குமூலம் பென்டிரைவுக்குள் இருந்தது. இப்போது அதற்குப் பக்கத்தில் மருதமுத்துவும் இருந்தார்.

மறுநாள் காலை, மாணவர்கள் பசியாறிப் போன பிறகு கிடைக்கிற இடைவேளையில், ரோஸ் அந்த விண்ணப்பத்தில் இருந்த எண்ணையே அழைத்தாள். இப்படி ஒன்று செய்யலாம் என்று இரவெல்லாம் தோன்றாமல், வெங்காயம் உரிக்கும்போது திடீரென்று தோன்றியது.

யார் பேசுவது, எந்த கம்பெனி என்று மருதமுத்து ஆவலாகக் கேட்டார். நேர்காணலுக்குக் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்துவிட்டார். கம்பெனி இல்லை, கேன்டீனில் வேலை செய்கிறவள் என்று ரோஸ் சொன்னதும் குரல் இறங்கியது.

"அண்ணே, ஒங்க பயோடேட்டா என் பென்டிரைவுல இருக்கு. எப்படி வந்துச்சின்னு தெரியல. ஒங்களுக்கு ஏதாச்சும் தெரியுமா?"

"எனக்கென்னங்க தெரியும். நான் பென்டிரைவே வச்சிக்கிறதில்ல. தங்கையா கடையில போயிச் சொன்னேன், அவரே டைப் பண்ணி பிரிண்ட் போட்டுக் குடுத்தாரு."

"குருபோங்ல இருக்கிற தங்கையா கடையா?"

"அதேதான். ஏங்க, அதுல என் ஐசி நம்பர்லாம் இருக்குமே. யாராச்சும் என் பேர்ல கடன்கிடன் வாங்கிடப் போறாங்களா?"

அழித்துவிடுவதாக ரோஸ் உறுதி சொன்னாள். போனை வைத்த பிறகுதான் யோசித்தாள். அவர் பயப்படுகிற பயம் அவளுக்கும் உரியதுதானே. அவருடைய தாள் தங்கையா கடையிலிருந்து தன்னிடம் வந்திருக்கிறது என்றால், தன்னுடைய தாள்கள் தங்கையா கடையில் இருக்கின்றன. அங்கிருந்து இன்னும் எங்கெங்கே போயினவோ.

சம்பல் சட்டியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, மேற்பார்வையாளரிடம் கேட்டுக்கொண்டு ரோஸ் நேரத்தோடு கிளம்பினாள். மோட்டார் சைக்கிளில் வரும் வழியில் மழை பிடித்துக்கொண்டது. தொழிற்சாலை லாரிகள் இறைத்த தண்ணீரில் இடுப்புவரை நனைந்துதான் கடைக்குள் நுழைந்தாள்.

தங்கையாவின் போட்டோஸ்டாட் கடை, முடிதிருத்தும் கடைக்கும் கைப்பேசிக் கடைக்கும் நடுவில் இருந்தது. இரண்டு கணினிகள். ஒன்று அவருக்கு, இன்னொன்று வாட்ஸ்அப்பில் வந்ததைத் தாங்களே அச்சடித்துக்கொள்ள வருகிறவர்களுக்கு. அவர் நல்ல மனிதர். வயதானவர்களுக்கு அரசாங்கத் தாள்களைச் சும்மாவே நிரப்பித் தருவார்.

ரோஸ் கேட்டதும் அவர் மறைக்கவில்லை. பெருமையோடு திரையைத் திருப்பிக் காட்டினார். வாடிக்கையாளர்கள் என்று ஒரு கோப்புறை. அதற்குள் ஆளுக்கொரு கோப்புறை. ரோஸ் கேன்டீன் என்று ஒன்று.

"எத்தன பேரு பென்டிரைவத் தொலைச்சிட்டு இங்க வந்து அழுதிருக்காங்க தெரியுமாக்கா. அதான் எல்லாருக்கும் ஒரு காப்பி வச்சிக்கிறது. ஒங்களுக்கே வைரஸ் வந்து ஒண்ணும் தொறக்கலன்னு கொண்டாந்தீங்க. நான்தானே திரும்பப் போட்டுக் குடுத்தேன்."

உண்மைதான். இரண்டு மாதத்துக்கு முன்பு பென்டிரைவைச் செருகினால் வெறும் ஷார்ட்கட் என்கிற குறுக்குவழிப் படம் ஒன்றுதான் தெரிந்தது. தங்கையா அதைத் துடைத்துவிட்டு, தன்னிடம் இருந்த நகலிலிருந்து எல்லாவற்றையும் திரும்ப நிரப்பினார். பொருளெல்லாம் திரும்பி வந்த சந்தோஷத்தில், அவை எங்கிருந்து வந்தன என்று ரோஸ் கேட்கவே இல்லை. அந்த அவசரத்தில் பக்கத்துக் கோப்பு ஒன்றும் சேர்ந்து ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது. அதுதான் மருதமுத்து.

ஆனால் அவள் செய்த தப்பு அதற்கும் முன்னால் நடந்தது. சாந்தி கையெழுத்துப் போட்ட அன்று, அசலை அஞ்சனாவிடம் ஒப்படைக்கும் முன், பாதுகாப்புக்கு ஒரு நகல் இருக்கட்டும் என்று இதே கடையில் ஸ்கேன் செய்தாள். தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குத் தாள் விஷயத்தில் ஒரே ஒரு பயம்தான்: அசல் தொலைந்துபோவது. தோட்டம் கைமாறும்போது கணக்கெழுதும் கிராணியின் அலமாரியோடு போன தாள்கள், கூரை ஒழுகிக் கூழான தாள்கள், கறையான் தின்ற தாள்கள் என்று அவர்கள் பார்த்ததெல்லாம் தொலைவதைத்தான். அதனால் எது கையில் கிடைத்தாலும் உடனே நகல் எடுப்பார்கள், அண்ணனுக்கு ஒன்று, நாத்தனாருக்கு ஒன்று கொடுத்து வைப்பார்கள். நகல் பெருகுவதும் ஓர் ஆபத்து என்று யாருக்கும் தோன்றியதில்லை. ரோஸ் அன்றைக்கு ஸ்கேனருக்குப் பக்கத்திலேயே நின்று, மூடியைத் திறந்த கணமே அசலை எடுத்துப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக்கொண்டாள். தாளைக் காப்பாற்றிவிட்டாள். ஸ்கேன் செய்தது முதலில் போய்ச் சேர்வது கடைக் கணினிக்குத்தான், பென்டிரைவுக்கு வருவது அதன் நகல் மட்டுமே என்பது அவளுக்குத் தெரியாது.

"இதயெல்லாம் யாராச்சும் தொறந்து பாத்திருப்பாங்களா, தங்கையா?"

"யாருக்கா பாப்பாங்க. வர்றவன் அவன் வேலையப் பாத்துட்டுப் போறான்."

"அந்தக் கம்பியூட்டர்லருந்து இது தெரியுமா?"

தங்கையா தலையைச் சொறிந்தார். இரண்டு கணினியும் ஒரே கம்பியில் இணைந்தவை. ஒன்றிலிருந்து மற்றதைத் திறக்கலாம். அழித்துவிடுகிறேன் என்று அவர் சுட்டியை நகர்த்தி அந்தக் கோப்புறையைக் குப்பைத்தொட்டிக்கு அனுப்பினார். தொட்டியையும் காலி செய்தார். முடிந்தது என்று கையை விரித்தார்.

ரோஸ் வெளியே வந்து, கடை வாசலில் சாரலுக்கு ஒதுங்கி நின்று அஞ்சனாவை அழைத்தாள். நடந்ததைக் கேட்டுவிட்டு அஞ்சனா பொறுமையாக விளக்கினாள். கணினியில் ஒன்றை அழித்தால் அது உடனே போய்விடுவதில்லை. எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்று கணினி ஓர் அட்டவணை வைத்திருக்கும். அழிப்பது என்றால் அட்டவணையில் பெயரை அடிப்பதுதான். பொருள் இருந்த இடத்திலேயே இருக்கும், அந்த இடத்தில் வேறொன்று வந்து விழும்வரை.

ரோஸுக்கு அது சட்டென்று பிடிபட்டது. கேன்டீன் உறைபெட்டியில் டப்பாக்களின் மேல் சம்பல், ரெண்டாங் என்று தாள் ஒட்டி வைத்திருப்பார்கள். தாளைக் கிழித்துவிட்டால் டப்பா காலியாகிவிடுமா? திறந்து பார்க்கிறவனுக்குச் சம்பல் சம்பல்தான். டப்பாவைக் கழுவி வேறொன்றை ஊற்றினால்தான் அது போகும்.

"அப்ப வேற எதயாச்சும் ஊத்தணும்," என்றாள்.

"கரெக்ட் ஆன்டி. காலியா இருக்கிற இடம் பூராவும் வேற எழுத்தப் போட்டு நிரப்பச் சொல்லி ஒரு கமாண்ட் இருக்கு. பழைய டைப் டிஸ்க்னா அது போதும். கடைக்கார அண்ணன்கிட்ட போனக் குடுங்க, நான் சொல்றேன்."

தங்கையா முதலில் முகத்தைச் சுளித்தார். அது ஓடி முடிய நெடுநேரம் ஆகும். கடையில் ஆள் நிற்கிறது. தான் என்ன திருடனா என்றார். ரோஸ் குரலை உயர்த்தவில்லை. நீங்கள் நல்லது செய்தீர்கள் என்பது எனக்குத் தெரியும், ஆனால் இது இன்னொருத்தியின் குடும்பம், இது முடியாமல் நான் போகப் போவதில்லை என்று சொல்லி, பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றை இழுத்துப் போட்டு நனைந்த உடையோடு உட்கார்ந்துவிட்டாள். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அவர் பக்கத்துக் கடையிலிருந்து நுரைக்க ஆற்றிய தே தாரே வாங்கி வந்து அவள் கையில் கொடுத்தார். பிறகு அஞ்சனா சொன்ன வரியை ஒவ்வோர் எழுத்தாகத் தட்டினார். கறுப்புத் திரையில் புள்ளிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டே இருந்தன. மழை விட்டு, கடைவிளக்குகள் எரியத் தொடங்கும்வரை ரோஸ் அந்தப் புள்ளிகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கிளம்பும்போது, மற்றவர்களுடையதையும் இப்படியே அழித்துவிடலாம் என்று நினைப்பதாகத் தங்கையா மெல்லச் சொன்னார்.

வீட்டில் அம்புரோஸ் கதையை முழுதாகக் கேட்டார். பழைய பென்டிரைவை வாங்கிப் பார்த்தார். அதிலும் அழித்ததெல்லாம் ஒளிந்திருக்கும், அந்த வகை நினைவகச் சில்லில் மேலே எழுதினாலும் முழுக்கப் போகும் என்று நம்ப முடியாது என்று அஞ்சனா சொல்லியிருந்தாள். அவர் அதைக் குறட்டில் கவ்வி, சுத்தியலால் பொடியாகிறவரை அடித்தார். பிறகு கையைத் தட்டிவிட்டு, இனி யாருக்கும் தெரியப் போவதில்லை, சாந்தியிடம் சொல்லிக் கலவரம் பண்ண வேண்டாம் என்றார். அடுத்த மாதம் கோர்ட்டில் மனு தாக்கல். இந்த நேரத்தில் அவள் பயந்து பின்வாங்கினால் பிள்ளையின் கதி என்ன?

ரோஸுக்கும் அந்த எண்ணம் கடையிலேயே வந்து போயிருந்தது. அவள் மீன் பொரித்துக்கொண்டிருந்தாள். ஜெயந்திதான் மாவு பிசைந்த கையோடு அடுக்களை வாசலில் வந்து நின்றாள்.

"சொல்லாம இருக்க முடியாதுப்பா. அந்த பேப்பர்ல என் பேரு இருக்கு, ஆனா அது அவங்களோடது. வெளிய வந்தா அவங்க வீடுதான் ஒடையும், நம்ம வீடு இல்ல."

"அவ வாபஸ் வாங்கிட்டா?"

"வாங்கட்டும். இத்தன வருசம் இல்லாமத்தானே இருந்தேன்."

ஜெயந்தி திரும்பவும் மாவுக்குப் போனாள். அம்புரோஸ் எழுந்துபோய்க் குழாயடியில் நெடுநேரம் கை கழுவினார்.

சாந்தி இன்னும் அதே தோட்டத்தில்தான் வேலை செய்தாள். குலை வெட்டுகிறவர்கள் இப்போது வெளிநாட்டு ஆட்கள். உதிர்ந்த பழங்களைப் பொறுக்கிச் சாக்கில் சேர்ப்பது சாந்தியின் வேலை. தன் விடுப்பு நாளில், மதிய நேரத்தில் ரோஸ் போய்ச் சேர்ந்தாள். மழைக்குப் பின் மண் வழுக்கியது. அடுக்கிப் போட்ட காய்ந்த மட்டைகளின் மேல் உட்கார்ந்து சாந்தி சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தாள். கருவாட்டுச் சம்பல். பாதியை ரோஸ் பக்கம் ஒதுக்கினாள்.

ரோஸ் சாப்பிடாமல் எல்லாவற்றையும் சொன்னாள். நகல் எடுத்தது, கடையில் தங்கியது, அழித்தது. யாராவது பார்த்தார்களா என்று தனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் வழியில்லை என்பதையும் சொன்னாள்.

சாந்தி கையைக் கழுவினாள். எழுந்து, குனிந்து பழம் பொறுக்கத் தொடங்கினாள். ரோஸும் பக்கத்தில் குனிந்து பொறுக்கினாள். முள் குத்தும் என்று சாந்தி சொல்லவில்லை. ஒரு மரத்தடி முடிந்து அடுத்த மரத்தடிக்கு வந்த பிறகுதான் பேசினாள்.

"மாதா மேல சத்தியம் பண்ணே ரோஸக்கா."

"பண்ணேன்."

"வேணும்னே செஞ்சிருந்தா ஒன்ன ரெண்டு வார்த்த ஏசிட்டுப் போயிருப்பேன். நீ தெரியாம செஞ்சே. அதான் எனக்குப் பயமா இருக்கு. தெரியாம இன்னொருக்கா செய்வே."

ரோஸ் கையிலிருந்த பழங்களைச் சாக்கில் போட்டாள்.

"எனக்குக் கையெழுத்து திரும்ப வேணும்," என்றாள் சாந்தி.

"தரச் சொல்றேன். ஒன்னோட உரிம. ஆனா அதுக்கு முன்னாடி ஒருதடவ லாயர் ஆபீசுக்கு வா. இனிமே எப்படி வைக்கப் போறோம்னு ஒன் கண்ணால பாரு. ஒனக்குப் புரியலன்னாலோ புடிக்கலன்னாலோ, அங்கயே கிழிச்சிப் போட்டுடலாம். ஜெயந்தியே சொல்லிட்டா."

"அவளா சொன்னா?"

"அவதான்."

சாந்தி சாக்கின் வாயைச் சுருட்டிக் கட்டினாள். சனிக்கிழமை தலைவலி என்று சொல்லி அரைநாள் விடுப்புப் போட முடியும் என்றாள்.

அஞ்சனாவின் அலுவலகம் புக்கிட் பெருவாங்கில், பல் மருத்துவமனைக்கு மேல்மாடியில் இருந்தது. அஞ்சனா சட்டத்தையும் கணினியையும் ஒரே ஆசையோடு விளக்குகிறவள். மேசைமேல் புதிதாக வாங்கிய இரண்டு பென்டிரைவுகளை எடுத்து வைத்தாள். சாந்தி நாற்காலியின் நுனியில், பையை மடியில் இறுக்கிக்கொண்டு உட்கார்ந்தாள். ஜெயந்தி எதிர்ச்சுவர் ஓரமாக நின்றாள். மரபணுச் சோதனைக்குப் போன நாளுக்குப் பிறகு இருவரும் ஒரே அறையில் இருப்பது இதுதான் முதல் தடவை.

இவற்றைப் பூட்டப் போகிறோம், ஆனால் இது பெட்டிக்கு வெளியே போடுகிற பூட்டு அல்ல என்று அஞ்சனா தொடங்கினாள். உள்ளே இருக்கிற எழுத்து ஒவ்வொன்றையும், நாம் கொடுக்கிற கடவுச்சொல்லை வைத்துக் கணக்குப் போட்டு, வேறொன்றாக மாற்றி எழுதிவிடும். சொல்லைக் கொடுத்தால் அதே கணக்கைத் திருப்பிப் போட்டுப் பழையபடி காட்டும். சொல் தெரியாதவன் பென்டிரைவை உடைத்துச் சில்லைப் பிடுங்கிப் பார்த்தாலும் அர்த்தமில்லாத குப்பைதான் கிடைக்கும். இந்த வசதி விண்டோஸிலேயே இருக்கிறது. பூட்டுவதற்கு அலுவலகக் கணினியில் இருக்கிற உயர்ரக விண்டோஸ் வேண்டும். திறப்பதற்கு ஜெயந்தியின் மடிக்கணினியே போதும். எங்கும் அனுப்ப நேர்ந்தால் டிரைவ் ஒரு வழியாகவும் சொல் வேறொரு வழியாகவும் போக வேண்டும். டிரைவை ஆளிடம் கொடுத்தால் சொல்லை வாயால் சொல்ல வேண்டும். இரண்டையும் ஒரே உறையில் போடுவது பூட்டிலேயே சாவியைத் தொங்கவிடுவதுதான்.

சாந்தி கவனமாகக் கேட்டாள். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"அந்தச் சொல்லு யாருக்குத் தெரியும்?"

"ரோஸ் ஆன்டிக்கும் எனக்கும்," என்றாள் அஞ்சனா.

"அப்ப எனக்கு?"

ரோஸ் சாந்தியின் பக்கம் திரும்பினாள். இவ்வளவு யோசித்தும் இது தனக்கு உறைக்கவில்லையே என்று ரோஸுக்கு இருந்தது. யாரிடமிருந்தெல்லாம் காப்பாற்ற வேண்டும் என்று கணக்குப் போட்டவள், அந்தக் கணக்கில் தன்னைச் சேர்க்கவே இல்லை. வெளியே விட்டது தங்கையா அல்ல, வாட்ஸ்அப் அச்சடிக்க வந்தவனும் அல்ல, அவள்தான்.

"அவகிட்ட மட்டும் இருக்கட்டும் மிஸ்," என்றாள் ரோஸ். "எனக்கு வேண்டாம்."

அது எப்படி முடியும் என்று அஞ்சனா கவலைப்பட்டாள். மறந்துபோனால்? நாளைக்கு உடம்புக்கு ஒன்று ஆகிவிட்டால்? சொல் போனால் எல்லாம் போய்விடும். இதைச் செய்த கம்பெனிக்காரனாலும் திறக்க முடியாது. அவளே மேசையை விரலால் தட்டியபடி யோசித்து, பிறகு முகம் தெளிந்தாள். பூட்டும்போது கணினி நீளமான ஓர் எண்ணையும் தரும். சொல் மறந்தால் அந்த எண் திறக்கும். அதை அச்சடித்து, உறையில் போட்டு ஒட்டி, ஒட்டின இடத்தின் குறுக்கே சாந்தி கையெழுத்துப் போடட்டும். யாராவது பிரித்தால் காட்டிக்கொடுத்துவிடும். ஆனால் உறையும் டிரைவும் ஒரே கூரைக்குக் கீழே இருக்கக் கூடாது. அலுவலகத்துக்கு வங்கியில் ஒரு பெட்டகம் உண்டு. உறை அங்கே போகட்டும்.

"பொறந்த நாளு, புள்ளைங்க பேரு, வண்டி நம்பர் இதெல்லாம் வேண்டாம். ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமே இல்லாத நாலஞ்சு வார்த்தையச் சேத்து வச்சிக்குங்க. ஒங்களுக்கு மட்டும் நெனப்புல நிக்கிற மாதிரி. இங்கிலிஷ் எழுத்துல அடிக்கணும்."

சாந்தி எழுந்து கணினிக்கு முன்னால் வந்தாள். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்புவரை படித்தவள். எழுத்துகள் தெரியும், விசைகளின் இடம்தான் தெரியாது. விரல் விசைப்பலகைமேல் தேடிக்கொண்டு நின்றது. அஞ்சனாவும் ரோஸும் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். கீழே ஒருவன் துரியான் வண்டிக்குத் தார்ப்பாய் கட்டிக்கொண்டிருந்தான்.

"நீயும் திரும்பிக்க," என்றாள் சாந்தி.

அவள் ஜெயந்தியிடம் நேராகப் பேசிய முதல் வார்த்தை அது. ஜெயந்தி சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றாள்.

விசை ஒவ்வொன்றாக விழுந்தது. நெடுநேரம் விழுந்தது. மறுபடியும் அதையே அடிக்கச் சொல்லிக் கணினி கேட்டது, மறுபடியும் விழுந்தது. இரண்டாவது டிரைவுக்கும் சாந்தி அதேபோல் செய்தாள். அஞ்சனா வாக்குமூலத்தின் அசலை ஸ்கேன் செய்து, கணினியில் தங்காமல் நேராக அந்த இரண்டு டிரைவுகளிலுமே சேமித்தாள். இரண்டு டிரைவின் எண்களும் அச்சாகி வந்ததும் அஞ்சனா எழுத்துப் பக்கத்தை மறைத்து மடித்து உறையில் போட்டாள். சாந்தி பேனாவை அழுத்திப் பிடித்து உறையின் முதுகில் கையெழுத்துப் போட்டாள்.

பிறகு சோதித்துப் பார்த்தார்கள். அது ரோஸின் பிடிவாதம். ஜெயந்தியின் மடிக்கணினியில் செருகியபோது பூட்டுப் படமும் சொல்லைக் கேட்கும் ஒரு வெற்றுக் கட்டமும் மட்டும் தெரிந்தன. ரோஸ் தனக்குத் தோன்றியதையெல்லாம் அடித்துப் பார்த்தாள்: சாந்தியின் பெயர், தோட்டத்தின் பெயர், ஜெயந்தியின் பெயர். ஒவ்வொன்றுக்கும் தவறு என்றே வந்தது. இரண்டாவது டிரைவிலும் அப்படியே. சாந்தி அவளை நகரச் சொல்லிவிட்டு உட்கார்ந்து, தன் சொல்லை அடித்தாள். இரண்டும் திறந்தன. உள்ளே ஒரே ஒரு கோப்பு இருந்தது. மூடினாள். கழற்றினாள். மறுபடி செருகினாள், மறுபடியும் பூட்டியே இருந்தது.

"சரி," என்றாள் சாந்தி. "தாக்கல் பண்ணுங்க."

அன்றிலிருந்து ஏற்பாடு இதுதான். வாக்குமூலத்தின் அசல் அஞ்சனாவின் இரும்பு அலமாரியில் இருக்கிறது. அதன் நகல் இரண்டு பென்டிரைவுகளில் மட்டும் இருக்கிறது, ஒன்று ரோஸ் வீட்டில், ஒன்று அஞ்சனாவின் அலுவலகத்தில். இரண்டும் பூட்டியவை. திறக்கும் சொல் சாந்திக்கு மட்டும் தெரியும். அது மறந்துபோனால் திறக்கிற எண்கள், அவள் கையெழுத்துப் போட்ட உறைக்குள், வங்கியில் இருக்கின்றன. அச்சடிக்க வேண்டுமானால் அஞ்சனாவின் அலுவலகத்தில் மட்டும், சாந்தி வந்து திறந்த பிறகு மட்டும்.